உழவர் கடன் அட்டை: சிப் செய்யும் வேலையும் மறுப்பின் காரணங்களும்

பொன்னேரி வட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் நெல் நடவாகிறது. நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் தருணத்தில் மேலுரம் இட்டாக வேண்டும். அந்நாளில் உரக்கடைக்குச் சென்று உழவர் கடன் அட்டையை நீட்டும் குடியானவருக்கு, இயந்திரத்திலிருந்து "மறுக்கப்பட்டது" என்னும் சீட்டு வந்து விழுமானால் அவர் யாது செய்வார்? பாங்கி அடுத்த வேலைநாளில்தான் திறக்கும். பயிரோ அதுவரை காத்திராது. கடைக்காரரிடம் கூடுதல் விலைக்குக் கடன் சொல்லி மூட்டையை எடுத்து வருவோர் உண்டு. அட்டையையும் இரகசிய எண்ணையும் கடையிலேயே ஒப்படைத்து, "சரியானபோது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வருவோரும் உண்டு. முன்னது நஷ்டம், பின்னது அதனினும் பெரிய நஷ்டத்திற்கு வாயில். மறுத்தது யார், என்ன காரணத்தால் மறுத்தது என்று அறிந்தவருக்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை. பல மறுப்புகள் அன்றைக்கே நீக்கத்தக்கவை.

பயிர்க்கடனுக்கும் இப்பிரதேசத்திற்கும் உள்ள சம்பந்தம் பழமையானது. சென்னை ராஜதானியில் விவசாய பாங்கிகளை ஏற்படுத்தும் வகையைப்பற்றி சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் அறிக்கை அளித்தார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. அக்காலத்தில் கடன் வேண்டுவோர் ஒவ்வொரு பயிருக்கும் மனு எழுதி, ஜாமீன் கொடுத்து, பஞ்சாயத்தாரின் சம்மதம் பெற்றுப் பணம் வாங்கினர். 1998ஆம் ஆண்டில் உழவர் கடன் அட்டைத் திட்டம் வந்தபோது இந்த வழக்கம் மாறிற்று. ஒரு முறை வரம்பு நிர்ணயித்துவிட்டால் அவ்வரம்புக்குள் வேண்டியபோது எடுத்து, விளைந்தபோது கட்டி, மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். ஆனால் அன்று கொடுக்கப்பட்டது பெயரளவில்தான் அட்டை. உண்மையில் அது படம் ஒட்டிய ஒரு பாஸ் புத்தகம். பணத்திற்குக் கிளைக்கே செல்ல வேண்டியிருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பாங்கியின் அக்காலத் தலைவர் டி. எம். பாசின் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைகளை ஒட்டி, 2012ஆம் ஆண்டில் திட்டம் திருத்தப்பட்டது. ஏ.டி.எம். இயந்திரத்திலும் கடையிலுள்ள இயந்திரத்திலும் உபயோகிக்கத்தக்க அட்டை அதன் பின்னரே குடியானவர் கைக்கு வந்தது. பெரும்பாலும் அது ரூபே அட்டையாகும்.

காந்தப் பட்டையும் சிப்பும்

முதலில் வந்த அட்டைகளின் பின்புறம் ஒரு கருநிறக் காந்தப் பட்டை மட்டும் இருந்தது. அதில் எழுதியிருப்பது என்றும் ஒன்றே. இயந்திரத்தில் நூறு முறை இழுத்தாலும் நூறு முறையும் அதே எழுத்தைத்தான் சொல்லும். ஆகையால் அதை ஒரு முறை நகல் எடுத்தவன், உடையவர் அறியாமல் மற்றோர் அட்டையில் பதித்துக்கொள்வது கடினமன்று. தபால் சாவடி முத்திரையைத் திருடியவன் வேண்டிய காகிதத்தில் எல்லாம் குத்திக்கொள்வதைப் போன்றது அது. இவ்வகை மோசடி பெருகியதனால், காந்தப் பட்டை மட்டும் உள்ள அட்டைகளை எல்லாம் 2018ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதிக்குள் சிப் உள்ள அட்டைகளாக மாற்றிக் கொடுக்கும்படி ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது.

அட்டையின் முகப்பில் பொன்னிறத்தில் சிறு கட்டங்களாகத் தெரியும் தகட்டின் அடியில் இருப்பதே சிப். பிரான்சு தேசத்தைச் சேர்ந்த ரோலான் மொரேனோ என்பவர் 1974ஆம் ஆண்டில் இவ்வகை அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். 1992ஆம் ஆண்டுக்குள் அத்தேசத்துப் பாங்கி அட்டைகள் யாவற்றிலும் சிப் வந்துவிட்டது. சிப் என்பது வெறும் நினைவுப் பலகை அன்று. கணக்குப் போடும் சிறு இயந்திரம் அதனுள் இருக்கிறது. அதற்கென்று மின்கலம் கிடையாது. கடை இயந்திரத்தில் செருகியவுடன் அவ்வியந்திரத்திலிருந்தே மின்சாரம் பெற்று விழித்துக்கொள்கிறது. அதனுள் ஓர் இரகசியத் திறவுகோல் பதிக்கப்பட்டுள்ளது. அதற்கு இணையான திறவுகோல் பாங்கியிடம் மட்டும் உண்டு. சிப்பிலுள்ள திறவுகோல் ஒருபோதும் வெளியே வருவதில்லை. அதைக்கொண்டு போட்ட கணக்கின் விடை மட்டுமே வெளிவரும். இந்த ஒரு வேறுபாட்டினால்தான் சிப் அட்டையை நகல் எடுப்பது மிகவும் கடினமாயிற்று.

செருகியது முதல் சீட்டு வரும் வரை

அட்டையைச் செருகிய சில விநாடிகளுக்குள் நடப்பது ஒரு சிறு விசாரணை. அதில் தீர்ப்புக் கூறுவோர் மூவர்: அட்டை, கடை இயந்திரம், பாங்கி. குடியானவர் காண்பது கடைசியில் வரும் காகிதத் துண்டை மட்டும்.

கடை இயந்திரம் முதலில் தொகை, தேதி, நாணயம் ஆகியவற்றுடன், அப்போதே தன் மனம்போனபடி உண்டாக்கிய ஓர் எண்ணையும் அட்டைக்குக் கொடுக்கிறது. அட்டை தன்னுள் வைத்துள்ள எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இதுவரை எத்தனை முறை இவ்வட்டை உபயோகமாயிற்று என்னும் கணக்கே அந்த எண்ணிக்கை. இவை அனைத்தையும் சேர்த்து இரகசியத் திறவுகோலால் ஒரு முத்திரையை அது கணித்துத் தருகிறது. தொகையில் ஒரு ரூபாய் மாறினாலும் முத்திரை மாறிவிடும். நேற்றைய முத்திரை இன்று செல்லாது. பாங்கி அதே கணக்கைத் தன் திறவுகோலால் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால்தான் அட்டை உண்மையானது என்று ஏற்கும். பின்னர் பாங்கியும் தன் பதிலுடன் ஒரு முத்திரை அனுப்புகிறது. அதை அட்டை சோதிக்கிறது. பாங்கி அட்டையைச் சோதிப்பதைப் போலவே அட்டையும் பாங்கியைச் சோதிக்கிறது என்பதைப் பலரும் அறியார்.

அட்டை கூறக்கூடிய பதில்கள் மூன்று. "சம்மதம்" என்பது ஒன்று. "பாங்கியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பது மற்றொன்று. "மறுக்கிறேன்" என்பது மூன்றாவது. கடை இயந்திரமும் தன் விதிகளின்படி தொகை பெரிதாயிற்றா, சந்தேகத்திற்கு இடமுண்டா என்று பார்த்து ஒரு யோசனை கூறும். இங்கே ஒரு நியதி உண்டு. இயந்திரம் கூறியதைவிட அட்டை கண்டிப்பாக இருக்கலாம். தளர்வாக இருக்க முடியாது. இயந்திரம் "பாங்கியைக் கேட்க வேண்டும்" என்றால், அட்டை "கேட்க வேண்டியதில்லை" என்று கூற இயலாது. இயந்திரம் சம்மதித்த இடத்திலும் அட்டை தடை சொல்லலாம். 1980ஆம் ஆண்டில் ஒழிந்த பழைய கிராம உத்தியோக முறையை நினைவில் வைத்திருக்கும் முதியோர், மணியக்காரர் சம்மதித்த காரியத்தையும் கணக்கைப் புரட்டி நிறுத்திவைக்கும் கர்ணத்தை இதற்கு உவமையாகக் கொள்ளலாம்.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பாங்கி தன் பதிலோடு கூட அட்டைக்குச் சில கட்டளைகளையும் அனுப்ப முடியும். உள்ளே இருக்கும் வரம்பை உயர்த்து, தாழ்த்து, எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கு, உபயோகத்தையே நிறுத்து என்பன அத்தகைய கட்டளைகள். அட்டை அவற்றை உடனே தன்னுள் எழுதிக்கொள்கிறது. ஆகவே இயந்திரத்தினுள் சென்ற அட்டையும் வெளியே வந்த அட்டையும் முற்றிலும் ஒன்றல்ல. இந்தக் கட்டளைகள் முழுமையாகச் சேர வேண்டுமானால் அட்டை இயந்திரத்திலேயே இருக்க வேண்டும். பாதியில் உருவி எடுப்பது பலருக்கு வழக்கமாக இருக்கிறது. அதனால் விசாரணை முறிந்து, கணக்கில் பற்று எழுதப்பட்டும் கடைக்குப் பணம் சேராமற் போகும் சங்கடம் நேரலாம். "அட்டையை எடுக்கவும்" என்று திரையில் வரும்வரை கை வைக்கலாகாது.

தொடாமல் காட்டிச் செலுத்தும் முறையில் அட்டை சில கணமே இயந்திரத்தின் அருகில் இருக்கிறது. அதில் நீண்ட விசாரணைக்கு இடமில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் ரூ. 5,000 வரையில் இரகசிய எண் இன்றியே இம்முறையில் செலுத்த இடமளிக்கப்பட்டது. எனினும் இவ்வாறு தொடர்ந்து பல முறை எண் இன்றிச் செலுத்தியபின், "இனிச் செருகி எண்ணைப் பதிவு செய்க" என்று கேட்கும்படி பாங்கி அட்டையை அமைத்துவைக்கக்கூடும். அட்டை கெட்டுவிட்டதோ என்று அப்போது மயங்க வேண்டியதில்லை. ஒரு முறை செருகி எண் அழுத்தினால் பழைய நிலைக்கு வரும்.

திறந்திருப்பதும் மூடியிருப்பதும்

புதிய அட்டை பெற்றவருக்கு நேரும் முதல் ஏமாற்றம் பெரும்பாலும் பின்வரும் காரணத்தாலேயே. ரிசர்வ் பாங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரியில் பிறப்பித்து, அவ்வாண்டு அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, அட்டை கொடுக்கப்படும்போது நம் நாட்டிலுள்ள ஏ.டி.எம். இயந்திரத்திலும் கடை இயந்திரத்திலும் செருகி உபயோகிப்பதற்கு மட்டுமே திறந்திருக்கும். தொடாமல் செலுத்துதல், இணைய வழியில் வாங்குதல், வெளிநாட்டில் உபயோகித்தல் ஆகிய மூன்றும் மூடியே வரும். உடையவர் கேட்டால்தான் அவை திறக்கப்படும். திறந்ததை மூடவும், ஒவ்வொன்றுக்கும் நாள் வரம்பு வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இதனை பாங்கியின் கைபேசிச் செயலி மூலமாகவோ, இணைய வழியாகவோ, ஏ.டி.எம். இயந்திரத்திலோ, பாங்கியின் தொலைபேசி எண்ணிலோ எந்நேரமும் செய்யலாம்.

குடியானவர்க்கு இவ்விதி பெரிதும் அனுகூலமானது. பயிர்க்கடன் அட்டையை இணைய வழியில் உபயோகிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலோர்க்கு இல்லை. வெளிநாட்டு உபயோகம் யாருக்குமே தேவையில்லை என்று கூறலாம். அவ்விரண்டையும் மூடியே வைத்திருந்தால், அட்டை எண்ணை ஒருவன் களவாடினாலும் அவ்வழிகளில் பணம் போகாது. விதைப்பும் உரமும் இல்லாத மாதங்களில் நாள் வரம்பைச் சிறிதாக்கி, நடவு சமயத்தில் உயர்த்திக்கொள்வதும் நல்ல வழக்கம். வீட்டிற்குக் கதவு வைத்தவர் இரவில் தாழிடுவதற்கு அலுத்துக்கொள்வதில்லை அல்லவா?

கம்பி அறுந்த காலத்தில்

2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டது. சில தினங்களில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கிகள் அந்நோட்டுகளை மாற்றிக்கொடுப்பதும் நிறுத்தப்பட்டது. ரொக்கம் கிடைக்காமல் குடியானவர்கள் திகைத்திருந்த வேளையில், டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றன. கையில் ரொக்கமும் இல்லை, அட்டையும் ஓடவில்லை என்னும் நிலை ஏற்பட்டது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் பெய்வித்த மழையின்போதும் இத்துன்பம் திரும்ப வந்தது. பழவேற்காட்டை ஒட்டிய கடற்கரைக் கிராமங்களுக்கும், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலைச் சேரும் தாழ்ந்த நிலங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்பவை புயலுக்கு அஞ்ச வேண்டிய மாதங்கள். சம்பா வயலில் நிற்பதும், நவரைக்கு நாற்று விடுவதும் அம்மாதங்களிலேதான்.

பாங்கியைக் கேளாமலே சம்மதம் கூறும் சக்தி சிப்புக்கு இயல்பாகவே உண்டு என்று மேலே கண்டோம். ஆயினும் பயிர்க்கடன் போன்ற கணக்குகளில், இருப்பு எவ்வளவு என்பது பாங்கியின் ஏட்டில்தான் இருக்கிறது. ஆகையால் பாங்கிகள் தங்களைக் கேட்டே தீரவேண்டும் என்று அட்டையை அமைத்துவிடுகின்றன. கம்பி அறுந்தால் அட்டை மௌனமாகிவிடுவது இதனாலேயே. சிறு தொகைகளுக்கு மட்டும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் பாங்கி, தொடர்பு இன்றியும் சிறு தொகை செலுத்தும் முறைக்கு அனுமதி அளித்தது. ஒரு முறைக்கு ரூ. 200 என்று முதலில் வைத்த உச்சத்தை 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரூ. 500 ஆக உயர்த்திற்று; மொத்தம் ரூ. 2,000 வரை செலவானபின் தொடர்பு கிடைக்கும் இடத்தில் மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும். சென்னை மெட்ரோ ரயிலில் 2023ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் சிங்காரச் சென்னை அட்டை போன்ற பொதுப் பயண அட்டைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பணம் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும், வாயிலில் காட்டியதும் சிப்பே கழித்துக்கொள்ளும், பாங்கியைக் கேட்பதில்லை. அந்தச் சௌகரியத்திற்கு ஒரு விலையும் உண்டு: அட்டை தொலைந்தால் சிப்பில் எழுதிய இருப்பும் சட்டைப்பையிலிருந்து விழுந்த ரொக்கத்தைப் போன்றதே.

ஐந்நூறு ரூபாய்க்குள் பால், அரிசி, மருந்து வாங்கலாம். ஓர் ஏக்கருக்கு உரம் வாங்க இயலாது. ஆகையால் மழைக்காலத்திற்கு முன்பே மேலுரத்தையும் பூச்சி மருந்தையும் வாங்கி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்வதும், நடவு, களையெடுப்புக் கூலிக்கு வேண்டிய ரொக்கத்தைப் புயல் எச்சரிக்கைக்கு முன்னரே எடுத்து வைத்துக்கொள்வதுமே இதற்கு வழி. அட்டையை நம்புவோர் கம்பியையும் நம்பியிருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

மறுப்புச் சீட்டைப் படித்தல்

பல கடை இயந்திரங்கள் மறுப்புச் சீட்டில் இரண்டு இலக்க எண் ஒன்றை அச்சிடுகின்றன. சீட்டைக் கசக்கி எறிந்துவிடாமல் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். 55 என்றிருந்தால் இரகசிய எண் தவறு. 75 என்றிருந்தால் தவறான எண்ணை அனுமதித்த அளவுக்கு மேல் அழுத்திவிட்டார் என்று பொருள். பெரும்பாலும் மூன்று முறைக்கு மேல் பாங்கிகள் இடம் கொடுப்பதில்லை. இரண்டு முறை தவறியவர் மூன்றாம் முறை ஊகித்து அழுத்தாமல் நிறுத்திக்கொள்வது உத்தமம். 51 என்பது வரம்பில் பணம் போதாது என்பதையும், 61 என்பது ஒரு நாளைக்கு உரிய அளவு கடந்துவிட்டது என்பதையும் காட்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். 61 வந்தவருக்குக் கடனில் இடம் இருக்கிறது. நாள் வரம்பை உயர்த்தினாலும், பாதியை இன்றும் பாதியை நாளையும் செலுத்தினாலும் காரியம் முடியும். 54 என்பது அட்டையின் காலாவதி. 57 என்பது அவ்வகை உபயோகம் அந்த அட்டைக்கு மூடியிருக்கிறது என்பது. 91 என்பது பாங்கியின் பக்கத்தில் இயந்திரம் ஓடவில்லை என்பது. இதில் குடியானவர் செய்ய வேண்டியது சிறிது நேரம் பொறுப்பது ஒன்றே. 05 என்ற எண்ணுக்கு மட்டும் காரணம் விளங்காது. பாங்கி மறுக்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். அப்போது கிளையைக் கேட்க வேண்டும். கெடு தவறிய கடனோ, புதுப்பிக்காத கணக்கோ இருந்தால் அங்கே வெளிப்படும்.

சீட்டே வராமல் "அட்டை படிக்கவில்லை" என்று இயந்திரம் கூறினால் குற்றம் பொன்னிறத் தகட்டில் இருக்கலாம். வேட்டி மடிப்பிலும் இடுப்புப் பையிலும் வியர்வை படும்படி அட்டையை வைத்திருப்பதும், உரமும் உப்பும் பட்ட கையால் எடுப்பதும் தகட்டில் அழுக்கேறச் செய்யும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்டுவதும் மண்ணெண்ணெய் இட்டுத் தேய்ப்பதும் அட்டையை ஒரேயடியாகக் கெடுத்துவிடும்.

உரக்கடை மேஜையில் இரண்டு இயந்திரங்கள்

மானிய உரம் விற்கும் கடைகளில் 2018ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஓர் இயந்திரம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆதார் எண் முதலிய அடையாளத்தைக் கொண்டு, இன்னாருக்கு இத்தனை மூட்டை விற்கப்பட்டது என்று அதில் பதிகிறார்கள். அப்பதிவைக் கொண்டே உரக் கம்பெனிக்கு மானியம் சேருகிறது. அதில் விரல் வைப்பதனால் குடியானவரின் பாங்கிக் கணக்கிலிருந்து ஒரு காசும் போவதில்லை. பணம் போவது அட்டை செருகும் மற்றோர் இயந்திரத்தில். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வீண் சச்சரவுகள் எழுகின்றன. விரல் ரேகை பதியவில்லை என்றால் அட்டையைக் குறை கூறுவதிலும், அட்டை மறுக்கப்பட்டால் ஆதாரைக் குறை கூறுவதிலும் பயனில்லை. விற்பனை இயந்திரம் தரும் சீட்டில் மூட்டை எண்ணிக்கை சரியா என்றும், பண இயந்திரம் தரும் சீட்டில் தொகை சரியா என்றும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

"ஐயா, எண்ணைச் சொல்லுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன்" என்று கடைக்காரர் மரியாதையாகவே கேட்கலாம். கேட்பவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆயினும் எண்ணைச் சொல்லிவிட்டவருக்குச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அக்கணமே குறைந்துவிடுகிறது. ரிசர்வ் பாங்கி 2017ஆம் ஆண்டு ஜூலையில் வகுத்த ஏற்பாட்டின்படி, உடையவரின் குற்றமோ பாங்கியின் குற்றமோ இன்றி வெளியாரால் மோசடி நேர்ந்து, பாங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் அவர் தெரிவித்தால் நஷ்டம் அவரைச் சேராது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் ஓரளவுக்குட்பட்டே அவர் பொறுப்பாவார். இரகசிய எண்ணைப் பிறருக்குக் கொடுத்தது போன்ற அசட்டையால் நஷ்டம் வந்ததாயின், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் நேர்ந்தது முழுவதும் அவருடையதே. மகனிடமோ மருமகனிடமோ சொல்லியிருந்தாலும் இதே கணக்குத்தான். இக்காரணத்தால் கைபேசி எண் மாறியவுடன் பாங்கியில் பதிந்துகொள்வதும், வரும் குறுஞ்செய்தியை அன்றே படிப்பதும் மிகவும் அவசியம். மோசடி என்று தெரிந்ததும் பாங்கியின் எண்ணுக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

வட்டியில் மிஞ்சுவது

இவ்வளவு சிரமப்பட்டு அட்டையை உபயோகிப்பானேன், ஒரே தடவையில் முழுத் தொகையையும் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்க்குக் கணக்கே விடை சொல்லும். மூன்று ஏக்கர் நெல்லுக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ரூ. 40,000 கடன் அளவு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பயிர்ச் செலவு ரூ. 1,20,000. 2012ஆம் ஆண்டுத் திட்டப்படி அறுவடைக்குப் பிந்திய செலவு, குடும்பச் செலவு ஆகியவற்றுக்காக நூற்றுக்குப் பத்தும், பண்ணைக் கருவிகளின் பழுதுபார்ப்புக்காக நூற்றுக்கு இருபதும் கூட்டினால் வரம்பு ரூ. 1,56,000 ஆகும், பயிர்க் காப்பீட்டுக் கட்டணம் தனி. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் ரூ. 2 லட்சம் வரையில் நில அடமானம் கேட்பதில்லை என்று ஏற்பட்டிருப்பதால் இக்கடனுக்குப் பத்திரம் வைக்க வேண்டியதில்லை.

இதில் பயிர்ச் செலவுக்கான ரூ. 1,20,000 முழுவதையும் நாற்று விடும் நாளிலேயே எடுத்து ஆறு மாதம் கழித்துக் கட்டினால், நூற்றுக்கு ஏழு வீதம் வட்டி ரூ. 4,200. உழவுக்கும் நடவுக்கும் ரூ. 40,000, இரண்டு மாதம் கழித்து உரத்திற்கும் களையெடுப்புக்கும் ரூ. 40,000, மேலும் இரண்டு மாதம் கழித்து அறுவடைக்கு ரூ. 40,000 என்று எடுத்து, அதே நாளில் கட்டினால் வட்டி ரூ. 2,800 மட்டுமே. எடுத்த தொகைக்கு, எடுத்த நாள் முதல்தான் வட்டி ஓடும் என்பதே இந்த ரூ. 1,400 வித்தியாசத்திற்குக் காரணம். கெடுவுக்குள் கட்டியவர்க்கு நூற்றுக்கு மூன்று வீதம் தள்ளுபடி உண்டாகையால், ரூ. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி நான்காகக் குறையும். இவ்வேற்பாடு 2025-26ஆம் ஆண்டிலும் தொடர்ந்தது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் கெடுவுக்குள் கட்டுவோர்க்கு வட்டியே இல்லை என்பதும் நினைவிலிருக்கத் தக்கது. கெடு ஒரு நாள் தவறினாலும் இச்சலுகை போய்விடும். அட்டையும் 05 என்று பேசத் தொடங்கும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

அட்டையின் வரம்பு பாங்கியில் பிறந்தாலும் அதன் வேர் கிராமத்து அடங்கலில் இருக்கிறது. எந்தப் புல எண்ணில், எந்தப் பட்டத்தில், எத்தனை ஏக்கர், எந்தப் பயிர் என்பதைக் கொண்டே கடன் அளவு கணக்கிடப்படுகிறது. நெல் நின்ற நிலத்தைத் தரிசு என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து உரக்கடையில் 51 என்று சீட்டு வரும். அதன் காரணத்தை அப்போது யாரும் அடங்கலில் போய்த் தேடமாட்டார்கள். பட்டாதாரர் காலமானால் வாரிசுகள் அவருடைய அட்டையைத் தொடர்ந்து உபயோகிப்பது குற்றமாகும்; பாங்கிக்குத் தெரிவித்து, பட்டா மாறுதல் செய்து, தங்கள் பெயரில் புதிதாகப் பெறுமாறு அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். எழுத்தறியாத முதியோருக்கு மறுப்புச் சீட்டைப் படித்துக் காரணம் கூறுவது அலுவலர் செய்யத்தக்க உதவி. அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதும் எண்ணை அழுத்திக் கொடுப்பதும் உதவி ஆகமாட்டா. எண்ணை நினைவில் வைக்க இயலாதவர் கிளையில் நேரில் பணம் எடுக்கும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

கணக்கில் பற்று விழுந்தும் கடைக்குப் பணம் சேராவிட்டாலும், ஏ.டி.எம். பணம் தராவிட்டாலும், 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி விதித்தபடி ஐந்து தினங்களுக்குள் தொகை கணக்கில் திரும்ப வரவேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 வீதம் நஷ்ட ஈடு உண்டு. இதற்கான மனுவில் தேதி, நேரம், கடையின் பெயர் அல்லது ஏ.டி.எம். இருந்த இடம், தொகை, சீட்டிலுள்ள எண்கள் ஆகியவற்றை எழுதிச் சீட்டின் நகலை இணைக்க வேண்டும். சீட்டின் எழுத்து வெயிலில் சில வாரங்களில் மங்கிவிடுமாகையால், மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு நகலை அன்றே எடுத்துவிடுவது நலம். இரகசிய எண்ணையும் அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் மனுவில் எழுதலாகாது. பாங்கி அவற்றைக் கேட்பதில்லை.